மன்றும் மன்றாட்டும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் எழுத்தில் கத்தோலிக்க நம்பிக்கை

ஆய்வுச் சுருக்கம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழின் முதல் நாவலாசிரியர், நீதிநூல் ஆசிரியர், கீர்த்தனை இயற்றியவர், நீதிபதி எனப் பல நிலைகளில் அறியப்பட்டவர். அவர் மரியன்னை மீது அந்தாதியும் பதிகமும் பாடிய கத்தோலிக்கக் கவிஞர் என்ற செய்தி, இலக்கிய வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. பெயர் சுட்டி இறைவனைப் பாடும் அவருடைய பக்திப் பனுவல்களும், பெயர் சுட்டாது பாடும் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று கொள்ளும் பார்வையை இக்கட்டுரை மறுக்கிறது. ‘மன்றாட்டு’ என்னும் சொல்லின் பொருள்வளத்தைத் திறவுகோலாகக் கொண்டு, நீதிமன்ற முறையீடும் இறைவேண்டலும் அவருடைய எழுத்தில் ஒரே வடிவாக இணைவதை நிறுவ முயல்கிறது. அவ்வடிவின் எல்லைகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வேதநாயகம் பிள்ளை, கிறித்தவத் தமிழ் இலக்கியம், சமரசம், கீர்த்தனை, தாது வருடப் பஞ்சம், மன்றாட்டு.

முன்னுரை

கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் சில. 1726இல் தேம்பாவணியை இயற்றிய வீரமாமுனிவர், பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), இரட்சணிய யாத்திரிகம் தந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) ஆகியோர் அவ்வரிசையில் முன்னிற்பர். வேதநாயகம் பிள்ளைக்கு அவ்வரிசையில் இடம் உண்டு எனினும், அது உறுதியற்ற இடம். நாவல் வரலாற்றை எழுதுவோர் 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகின்றனர். இசையுலகினர் கீர்த்தனைகளை எடுத்துக்கொள்கின்றனர். கத்தோலிக்க வாசகர்கள் தேவமாதா அந்தாதியையும் பெரியநாயகி அம்மை பதிகத்தையும் தமக்குரியனவாகக் கொள்கின்றனர். பாடத்திட்டங்களிலும் அவர் இவ்வாறே பகுக்கப்பட்டு, ஒரு தாளில் நாவலாசிரியராகவும் மற்றொரு தாளில் சமயக் கவிஞராகவும் தோன்றுகிறார்.

இப்பகுப்பினால் விளையும் இழப்பு சிறிதன்று. கிறித்தவப் பெயர்களும் விவிலியக் கதைகளும் இடம்பெறும் படைப்பே கிறித்தவ இலக்கியம் என்று வரையறுத்தால், வேதநாயகம் பிள்ளையின் எழுத்தில் பெரும்பகுதி அவ்வரையறைக்கு வெளியே போய்விடும். மாறாக, அவரைச் சமயம் கடந்த சீர்திருத்தவாதி என்று மட்டும் கொண்டால், அவர் ஏன் வாழ்நாள் முழுதும் இறைவனை நோக்கியே பாடிக்கொண்டிருந்தார் என்பதற்கு விளக்கம் கிடைக்காது. நம்பிக்கையால் தூண்டப்பட்ட எழுத்தை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பாடுபொருளைக் கொண்டா, சொல்லும் முறையைக் கொண்டா? இரண்டாவதையே கொள்ள வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

நீதிமன்றத்தில் உருவான எழுத்து

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கம் தழுவியிருந்த வேளாளர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரியம்மாள். திருச்சிராப்பள்ளியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் பயின்றார். பின்னர் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, முன்சீபாக உயர்ந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் அப்பணியைச் செய்து 1872இல் ஓய்வு பெற்றார்.

இவ்வாழ்க்கைக் குறிப்பில் திறனாய்வாளர் கருத வேண்டியது ஒன்றுண்டு. வேதநாயகம் பிள்ளையின் எழுத்துப் பயிற்சி புலவர் மடத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று, அது நீதிமன்றத்திலும் நிகழ்ந்தது. ஒருவர் தம் குறையைச் சொல்ல, மற்றொருவர் அதைப் பிறிதொரு மொழியில் பெயர்க்க, மூன்றாமவர் அதைக் கேட்டுத் தீர்ப்புரைக்கும் அவையே அவர் நாள்தோறும் கண்ட உலகம். தம் சொல் சென்று சேர வேண்டிய இடத்தைச் சேருமா என்ற ஐயத்தோடு நிற்கும் எளிய மனிதரை அவர் அங்குக் கண்டார். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டமைக்கு இவ்வனுபவமே அடிப்படை. சென்னை உயர்நீதிமன்றம் நிறுவப்பட்ட ஆண்டும் அதுவே. ஆங்கில அரசின் நீதி ஆங்கிலத்தில் உறுதிப்பட்ட அதே ஆண்டில், அந்நீதியைத் தமிழில் படிக்க வழிசெய்த நூல் வெளிவந்தது.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1859இல், நீதிநூல் வெளிவந்தது. திருக்குறளைப் போல அதிகாரங்களாகப் பகுக்கப்பட்ட அந்நூல் தெய்வம் உண்டெனலில் தொடங்கி அரசர், குடிகள், பெற்றோர், கணவன் மனைவியர் எனப் பொருளை விரிக்கிறது. மாதரைப் படிப்பித்தலுக்கும் கைக்கூலிக்கும் தனித்தனி அதிகாரங்கள் அமைந்துள்ளன. ‘நீதி’ என்னும் சொல் தமிழில் அறநெறியையும் வழக்குத் தீர்ப்பையும் ஒருங்கே குறிப்பது. நீதிநூல் என்ற பழைய இலக்கிய வகைப் பெயரை நீதிமன்ற அதிகாரி ஒருவர் தம் நூலுக்கு இடும்போது அவ்விரு பொருளும் உயிர்பெறுகின்றன. கையூட்டைக் கண்டிக்கும் செய்யுள், புலவர் ஒருவர் கூறும் பொது அறிவுரையாக மட்டும் நில்லாமல், அத்தீமை நுழையக்கூடிய வாயிலிலேயே அமர்ந்திருந்தவரின் எச்சரிக்கையாகவும் ஒலிக்கிறது.

ஒரு சொல்லின் மூன்று வாழ்வு

இன்றைய தமிழ்க் கத்தோலிக்கத் திருவழிபாட்டில் இறைவேண்டலைக் குறிக்க வழங்கும் சொற்களுள் ஒன்று ‘மன்றாட்டு’. திருப்பலியில் நம்பிக்கையாளர் மன்றாட்டு உண்டு. புனிதர்களையும் மரியன்னையையும் அடுக்கடுக்காக விளித்து வேண்டுவது மன்றாட்டு மாலை எனப்படும். இச்சொல்லின் முதனிலை ‘மன்று’. அது ஊர் கூடும் பொதுவிடத்தையும் வழக்கு ஆராயும் அவையையும் குறிப்பது. மன்றாடுதல் என்பதற்கு அவையில் வழக்காடுதல், குறையிரந்து வேண்டுதல் என்னும் இரு பொருள்களும் உண்டு. இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் உள்ளது. தில்லைப் பொன்னம்பலமும் மன்று எனப்படும். அம்மன்றில் ஆடுபவன் மன்றாடி. வழக்காடுபவர், வேண்டுபவர், ஆடும் இறைவன் ஆகிய மூவரும் ஒரே சொல்லின் நிழலில் நிற்கின்றனர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி நயமன்று. தமிழ் மரபில் வழக்கும் வழிபாடும் நெடுங்காலமாகவே ஒன்றையொன்று தொட்டுவந்துள்ளன. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி அரசவையில் சான்றோடு நிற்கிறாள். பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் சிவபெருமானே அடிமை ஓலையைக் கையிலேந்தித் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்குரைக்கிறார். சுந்தரர் வழக்கில் தோற்று அடியாராகிறார். அரசரிடம் அளிப்பதும் இறைவனிடம் சொல்வதும் தமிழில் விண்ணப்பம் என்ற ஒரே பெயரைப் பெறுகின்றன. வேதநாயகம் பிள்ளையின் சமகாலத்தவரான இராமலிங்க அடிகள் (1823–1874) விண்ணப்பத்தைத் தம் செய்யுளிலும் உரைநடையிலும் சமய வடிவாகவே கையாண்டவர்.

வேதநாயகம் பிள்ளையின் தனித்தன்மை, இவ்வுருவகம் அவருக்கு உருவகமாக மட்டும் இல்லாமல் அன்றாடத் தொழிலாகவும் இருந்தமையே. பகலில் அவர் பிறருடைய விண்ணப்பங்களைக் கேட்டார். தம் செய்யுளில் தாமே விண்ணப்பிப்பவரானார். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர் தீர்ப்புக்குக் காத்திருப்பவராக மாறும் இந்த இடமாற்றமே அவருடைய பக்திக் கவிதையின் ஊற்று என்று கொள்ளலாம். சமய நம்பிக்கையும் எழுத்தார்வமும் அவரிடம் தனித்தனியே இருந்து பின்னர்ச் சேர்ந்தவை அல்ல. கேட்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாதவர் விண்ணப்பம் எழுதுவதில்லை.

பெயரோடு பாடுதல்

திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மை பதிகம் ஆகியவை அவருடைய பக்திப் பனுவல்கள். இவற்றுக்கு அவர் தேர்ந்த வடிவங்கள் கவனத்திற்குரியன. மாலை, அந்தாதி, பதிகம் ஆகிய மூன்றும் சைவ, வைணவ அடியார்களின் கைகளில் பன்னூற்றாண்டுகள் பண்பட்டவை. கத்தோலிக்கக் கவிஞர் அவற்றைக் கையாளும்போது வடிவத்தை மட்டும் கடன் பெறுவதில்லை, அவ்வடிவங்களில் ஊறிய மனநிலையையும் சேர்த்தே பெறுகிறார்.

அந்தாதியில் ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாகிறது. முடிவு என்று ஒன்று அங்கு இல்லை. இறுதிச் செய்யுள் முதற் செய்யுளோடு சென்று இணைந்து மண்டலமாகிறது. கத்தோலிக்க இல்லங்களில் நாள்தோறும் சொல்லப்படும் செபமாலையின் அமைப்பும் இத்தகையதே. மணி மணியாக விரல் நகர்ந்து, தொடங்கிய இடத்திற்கே திரும்புகிறது. மரியன்னைக்குரிய வேண்டுதலை அந்தாதியாக அமைப்பது, ஐரோப்பாவிலிருந்து வந்த வழிபாட்டு முறை ஒன்றுக்குத் தமிழில் முன்பே இருந்த இணைவடிவைக் கண்டெடுப்பதாகும். செபமாலையில் வளர்ந்த காதுக்கு அந்தாதி அயலானதன்று, அந்தாதி கேட்டு வளர்ந்த காதுக்குச் செபமாலையும் அயலானதன்று.

பெரியநாயகி என்னும் பெயரும் அத்தகையதே. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயத்தில் மரியன்னை பெரியநாயகி எனப் பெயர் பெற்றாள். தஞ்சைப் பெரிய கோயிலிலும் விருத்தாசலம் கோயிலிலும் இறைவியின் பெயர் பெரியநாயகியே. இரு சமயத்தாரும் ஒரே பெயரால் வெவ்வேறு அன்னையரை அழைக்கின்றனர். இதில் போட்டியும் உண்டு, உறவும் உண்டு. வீரமாமுனிவர் காலத்தில் போட்டியின் பக்கம் சற்று ஓங்கியிருந்தது எனலாம். மேற்கிலிருந்து வந்த மறையைத் தமிழ் மண்ணில் ஊன்ற வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. பிறப்பிலேயே தமிழராகவும் கத்தோலிக்கராகவும் இருந்த வேதநாயகம் பிள்ளைக்கு அத்தேவை இல்லை. ஆதலின் அவரிடம் அப்பெயர், ஒரு பிள்ளை தன் தாயை அழைக்கும் இயல்பான விளியாக அமைகிறது.

பெயரின்றிப் பாடுதல்

1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இதற்கு நேரெதிரான தோற்றம் தருவன. எச்சமயத்தாரும் பாடத்தக்கவாறு, ஒரு சமயத்திற்கே உரிய பெயர்களை விலக்கி இறைவனைப் பொதுவாக விளிப்பது அந்நூலின் நெறி. அன்னையைப் பெயர் சொல்லி அழைத்த கவிஞர் இங்கு இறைவனின் பெயரையே துறந்துவிடுகிறார். இதனை எவ்வாறு விளக்குவது?

மூன்று விளக்கங்களுக்கு இடமுண்டு. கீர்த்தனைகள் கிறித்தவர் அல்லாதாரிடம் பரவ வேண்டும் என்பதற்காகச் செய்த உத்தி என்பது முதலாவது. பல சமயத்தவரோடு பழகியதால் அவருடைய நம்பிக்கை நெகிழ்ந்தது என்பது இரண்டாவது. நம்பிக்கையின் உள்ளிருந்தே அப்பெயரின்மை பிறந்தது என்பது மூன்றாவது. முதல் விளக்கம் பொருந்தாது. மனமாற்றம் நோக்கமாயின், எவ்விடத்திலேனும் அப்பெயரை வெளிப்படுத்தியாக வேண்டும். பெயரைச் சொல்லாமலே முடியும் பாடல் யாரையும் எச்சபைக்கும் அழைத்துச் செல்வதில்லை. இரண்டாவதும் பொருந்தாது. மரியன்னை மீது அந்தாதி பாடியவரும் கீர்த்தனை பாடியவரும் ஒருவரே. சத்திய வேத கீர்த்தனை என்ற பெயரில் கிறித்தவக் கீர்த்தனைகளையும் அவர் இயற்றியுள்ளார்.

மூன்றாவது விளக்கத்திற்கு அவர் வாழ்ந்த சூழல் துணைநிற்கிறது. சீர்காழியும் மாயூரமும் தமிழ்க் கீர்த்தனையின் விளைநிலங்கள். முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தா பிள்ளை ஆகியோரை இன்றும் சீர்காழி மூவர் என்றே குறிக்கிறோம். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரம் வட்டாரத்தில் வாழ்ந்தவர், வேதநாயகம் பிள்ளையின் நண்பர். திருவாவடுதுறை ஆதீன வித்துவானான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை இயற்றினார். சைவ மடத்தின் தலைமைப் புலவர் கத்தோலிக்கர் ஒருவர் மீது கோவை பாடியதும், அக்கத்தோலிக்கர் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் மீது செய்யுள் இயற்றியதும் உ.வே. சாமிநாதையரின் நூல்கள் வழி நமக்குத் தெரிய வருகின்றன. இந்நட்பில் எவரும் தம் சமயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவராகவே இருந்தார், வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கராகவே இருந்தார். சமரசம் என்ற சொல்லுக்கு அக்காலத்தில் இருந்த பொருள் இந்நட்பிலிருந்து விளங்கும். சமயங்களைக் கலந்து புதியதொன்று ஆக்குதல் அதன் பொருளன்று. தத்தம் இடத்தில் நின்றவாறே ஒரே அவையில் அமர்தல் என்பதே பொருள்.

‘சமரசம்’ என்னும் சொல்லும் அவருக்குத் திருச்சிராப்பள்ளியின் கொடை எனலாம். அவ்வூரில் அரசுப் பணியாற்றிய தாயுமானவர் பாடல்களால் அது தமிழில் ஊன்றியது. இராமலிங்க அடிகள் 1865இல் தொடங்கிய சங்கத்தின் பெயரிலும் அது இடம்பெற்றது. தாயுமானவரும் வள்ளலாரும் தத்துவ அனுபவத்தின் வழி சமரசத்தை அடைந்தனர். வேதநாயகம் பிள்ளை அடைந்த வழி வேறு. முன்சீப்பின் முன் வழக்காட வருபவர் எச்சமயத்தவர் என்பது தீர்ப்பைத் தீர்மானித்தல் ஆகாது. வழக்கின் நியாயமே நோக்கப்பட வேண்டும். மனித நீதிபதிக்கே அது விதியாயின், எல்லாருக்கும் நீதிபதியான இறைவன் வேண்டுவோரின் சமயம் பார்ப்பானா? கீர்த்தனைகளின் பெயரின்மை இந்த வினாவிலிருந்து பிறந்தது என்று கருத இடமுண்டு. இறைவனுக்குப் பெயரில்லை என்பது அதன் கருத்தன்று. மன்றாடும் எவருடைய குரலும் தள்ளப்படாது என்பதே கருத்து.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறித்தவமல்லாத சமயங்கள் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டு, பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் கத்தோலிக்கத் திருச்சபை புறந்தள்ளுவதில்லை என்றது. அதற்கு 87 ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரையில் பொதுநிலையினர் ஒருவர் தம் கவித்தொழிலின் வழியே அப்பொதுமையை நடைமுறைப்படுத்தியிருந்தார். திருச்சபை வரலாறு அவரிடம் கற்க வேண்டியதும், தமிழ் இலக்கிய வரலாறு திருச்சபை வரலாற்றோடு இணைத்துப் பார்க்க வேண்டியதும் இங்கு உள்ளன.

பஞ்சமும் தீர்ப்பும்

சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்த ஆண்டு தற்செயலானதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிலைத்தது. பல இலட்சம் உயிர்கள் மாண்டன. வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். அக்கொடையைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் மீது கீர்த்தனை பாடினார். பஞ்சம் தீர இறைவனை வேண்டும் கீர்த்தனைகளை வேதநாயகம் பிள்ளையும் இயற்றினார்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் இறுதித் தீர்ப்பைச் சித்திரிக்கிறது. அங்கு நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தவர் கேட்பது பசித்தோர்க்கு உணவும், தாகமுற்றோர்க்கு நீரும், அன்னியர்க்கு இடமும் கொடுக்கப்பட்டனவா என்பதே. ஒருவர் எப்பெயரால் இறைவனை அழைத்தார் என்ற வினா அக்காட்சியில் எழுவதில்லை. தம் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தீர்ப்புரைப்பதில் கழித்த கத்தோலிக்கர் ஒருவர் பஞ்ச காலத்தில் இவ்வதிகாரத்தை எவ்வாறு உணர்ந்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. சமரசமும் பசியும் அவரிடம் ஒரே காலத்தில் நூலுருப் பெற்றமைக்கு இதுவே விளக்கமாகலாம். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை நிறுவியதையும் இதனோடு ஒப்புநோக்கலாம். வேறு வேறு சமயப் பின்னணி கொண்ட இருவரும் சமரசத்தைக் கொள்கையளவில் நிறுத்தாமல் அடுப்பு மூட்டுவதில் கொண்டுசென்று முடித்தனர்.

பஞ்சத்தைப் பாடும் கீர்த்தனையில் மன்றாட்டின் இரு பொருளும் ஒருங்கே செயற்படுகின்றன. பாடுபவர் தமக்காக வேண்டவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் வலுவற்றோருக்காக அவர்களுடைய வழக்கை இறைவன் முன் எடுத்துரைக்கிறார். நீதிபதியாக இருந்தவர் இங்கு வழக்கறிஞராக மாறுகிறார். பக்திக் கவிதையில் பொதுவாகக் காணப்படும் தன் பிழை பொறுக்க வேண்டும் குரலிலிருந்து இக்குரல் வேறுபட்டது. இதில் பணிவு உண்டு, ஆயினும் உரிமையும் உண்டு.

உரைநடையில் தொடரும் குரல்

பிரதாப முதலியார் சரித்திரம் கிறித்தவக் கதையன்று. அதன் மாந்தர் இந்துக் குடும்பத்தினர். எனினும் நாவலில் நீதியும் மொழியும் பற்றி எழும் விவாதங்கள் மேற்கண்ட கருத்தோடு இணைவன. கட்சிக்காரருக்குப் புரியாத மொழியில் வழக்கறிஞர்கள் வாதிடுவதையும், தமிழர் வழக்கு தமிழில் நடைபெறாததையும் நாவல் எள்ளி நகையாடுகிறது. தன் உயிரையோ உடைமையையோ தீர்மானிக்கும் சொற்களைப் புரிந்துகொள்ள முடியாமல் நிற்பவரின் நிலை அவலமானது என்பதை அது நகைச்சுவையின் வழி உணர்த்துகிறது.

இதனைச் சமயத் தளத்திலும் வைத்துப் பார்க்கலாம். வேதநாயகம் பிள்ளையின் காலத்தில் கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீன் மொழியிலேயே நிறைவேற்றப்பட்டது. தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்ற திருவழிபாட்டுச் சட்டமே. வேலை நாளில் ஆங்கிலம் ஆளும் நீதிமன்றத்திலும், ஞாயிற்றுக்கிழமை இலத்தீன் ஒலிக்கும் ஆலயத்திலும் நின்ற ஒருவருக்குத் தமிழில் எழுதுவது அழகியல் விருப்பம் மட்டுமன்று. இரு மன்றங்களிலும் தமிழ் மக்கள் தம் குரலில் மன்றாட வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் அடங்கியுள்ளது. தீர்ப்புகளைத் தமிழாக்கியதும், மரியன்னையைத் தமிழ் யாப்பில் விளித்ததும், தெலுங்குக் கீர்த்தனைகள் கோலோச்சிய காலத்தில் தமிழ்க் கீர்த்தனை புனைந்ததும் ஒரே கோரிக்கையின் வெவ்வேறு வடிவங்கள். உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் உயிரோடு உள்ளது. அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ வழக்காட வரும் ஒருவர் தம் சாட்சியத்தைத் தமிழில் சொல்ல முடிகிறது. அவ்வழக்கு மேல்முறையீடாக உயர்நீதிமன்றம் சென்றதும் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் துணை தேவையாகிறது. வேதநாயகம் பிள்ளை எள்ளிய நிலை முற்றும் மறையவில்லை.

எல்லைகள்

இவ்வெழுத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பதிகம் என்னும் வடிவின் ஆற்றல் இடத்திலும் பெயரிலும் உள்ளது. தேவாரப் பதிகங்களில் ஊரின் வயலும் சோலையும் கடலும் இறைவனின் திருமேனியோடு பிணைந்து நிற்கும். பெயரையும் ஊரையும் கதையையும் துறந்த கீர்த்தனை அந்தக் காட்சிவளத்தை இழக்கிறது. இறைவனைப் பற்றிப் பொதுவாகச் சொல்லக்கூடியவை சிலவே. அவை திரும்பத் திரும்ப வரும்போது பாட்டு அறிவுரையாகச் சுருங்கும் இடர் நேர்கிறது. சமரசக் கீர்த்தனைகளை முழுதாகப் படிப்பவர் இச்சோர்வை உணராதிருக்க முடியாது. ஆயினும் இறைவனிடம் இழந்த காட்சிவளத்தைக் கவிஞர் மனிதரிடம் மீட்டுக்கொள்கிறார். பதவியில் இருப்போரின் ஒழுக்கமும் குடும்பத்தின் சிக்கலும் பசியின் கொடுமையும் பேசப்படும் இடங்களில் அவருடைய சொல் கூர்மை பெறுகிறது. வானகத்தைப் பாடுகையில் தளர்ந்து, மண்ணகத்தைப் பாடுகையில் நிமிரும் எழுத்து அது.

மற்றோர் எல்லை பெண்களைப் பற்றியது. பெண்மதி மாலையும் பெண் கல்வி குறித்த கட்டுரைகளும் அக்காலத்திற்கு முற்போக்கானவை என்பதில் ஐயமில்லை. பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஞானாம்பாள் நாடாளும் அறிவுடையவள். ஆனால் ஆணுடையில்தான் அவள் நாடாள்கிறாள். ஆட்சியை விட்டு நீங்கி மனைவியாகத் திரும்புவதில்தான் கதை நிறைவுறுகிறது. மரியன்னையை எல்லா அரசியருக்கும் மேலான நாயகியாகப் பாடிய கவிஞரின் கற்பனை, மண்ணுலகப் பெண்ணைத் தன் உருவிலேயே அரியணையில் அமர்த்தும் அளவுக்குச் செல்லவில்லை. விண்ணில் அளித்த இடத்தை மண்ணில் அளிக்கத் தயங்கும் இவ்வியல்பு அவருக்கு மட்டும் உரியதன்று, அக்காலச் சீர்திருத்தம் முழுமைக்கும் பொது. எனினும், மன்றாடும் எவர் குரலும் தள்ளப்படலாகாது என்ற அவருடைய அளவுகோலாலேயே இதனை அளக்க வேண்டும். அவ்வளவையில் இது குறையே.

முடிவுரை

வேதநாயகம் பிள்ளையின் எழுத்தில் நம்பிக்கை பாடுபொருளாக இருப்பதைவிடச் சொல்லும் முறையாக இருப்பதே மிகுதி. தேவமாதா அந்தாதியில் மகனாகவும், நீதிநூலில் அதிகாரியாகவும், பஞ்சக் கீர்த்தனையில் வழக்கறிஞராகவும் அவர் பேசினும், எல்லா இடத்தும் கேட்கும் செவி ஒன்று உண்டு என்ற உறுதி மாறவில்லை. ஆதலின் பெயர் சுட்டும் பனுவலும் பெயர் சுட்டாக் கீர்த்தனையும் முரண்படவில்லை. முன்னது தம் வீட்டில் நின்று அழைப்பது, பின்னது பொது மன்றில் நின்று அழைப்பது. வீட்டில் தாயைப் பெயரிட்டு அழைப்பவர், மன்றில் எல்லார் பொருட்டும் பேசும்போது எல்லாருக்கும் பொதுவான விளியையே ஆள்கிறார்.

கிறித்தவத் தமிழ் இலக்கியத்தைப் பெயர்களின் பட்டியலால் வரையறுக்கும் முறையை மறுபரிசீலனை செய்ய இவருடைய எழுத்து நல்ல காரணம் தருகிறது. நம்பிக்கை ஒரு கவிஞரை எதைப் பாடச் செய்தது என்பதோடு, யாருக்காகப் பேசச் செய்தது என்பதையும் திறனாய்வு கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டால், பாடத்திட்டங்கள் மூன்றாகப் பகுத்த வேதநாயகம் பிள்ளை ஒருவராகவே நம் முன் நிற்பார். அவருடைய பக்திப் பனுவல்களைச் சித்தாந்த சங்கிரகத்தின் மொழியோடு சொல் சொல்லாக ஒப்பிட்டு, நீதிமன்றத் தமிழ் பக்தித் தமிழுக்கு அளித்த கொடையை ஆராய்வது அடுத்து செய்யத்தக்க பணியாகும்.